ஏனைய விடயங்கள்

உதயதாரகை விளையாட்டுக் கழகத்தின்
கூட்டக் குறிப்பேடு
பதினோரு வருடமாக என் கையெழுத்தில் இருக்கிறது.
முத்துமுத்தாய் என்பார்கள்.

லைன்ஸ்மேன் மேல் துப்பிய சவரிராஜுக்கு
இரண்டு போட்டித் தடை, பக்கம் நாற்பத்தொன்று.
கழகத்துச் சப்பாத்தை அட்டனில் அடகுவைத்த
குலேந்திரனுக்கு ஒரு பருவம் முழுதும்.
பயிற்சிக்கு மூன்று நாள் வராத பையனை
பிரட்டுக்களத்தில் பேர் வெட்டுவதுபோல
வெட்டி அனுப்பினோம்.
அவனுக்கு அப்போது நெருப்புக் காய்ச்சல்.
எங்களுக்குத் தண்டிக்கத் தெரியாதென்று
நோர்வூட்டில் ஒருவரும் சொல்ல முடியாது.

அந்த ஞாயிறு
கூட்டுறவுக் கடையின் பின்னறைக்கு
புவனலோஜினி தனியாக வந்தாள்.
பஸ் நிலையத்தருகே போட்டோகொப்பிக் கடையில் வேலை.
பொலிசில் கொடுத்த முறைப்பாட்டை
ஏழு பிரதி எடுத்து வந்திருந்தாள்.
“கமிட்டியில ஏழு பேரு.
எண்ணிப் பாத்துக்குங்க.”

தாளில் இருந்த பேர்
எங்கள் ஒன்பதாம் இலக்கம்.
ஊரே தோளில் தூக்கிய பேர்.

அவள் எந்தப் பாதையால் வந்தாள்,
எத்தனை மணி, ஏன் அந்த நேரம்,
கையில் டோர்ச் இருந்ததா
என்று கேட்டார்கள்.
அவன் எங்கே இருந்தான் என்று
கேட்க வாய் திறந்தேன்.
கொட்டாவி வந்ததுபோல மூடிக்கொண்டேன்.

தலைவர் அமிர்தநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“பொலிசு வேல பொலிசு பாக்கும், தங்கச்சி.
நாங்க பந்தப் பாப்போம்.
வர்ற ஞாயிறு பைனல்.”

நான் எழுதினேன்:
ஏனைய விடயங்கள்.
முறைப்பாடொன்று கிடைக்கப்பெற்றது.
இறுதிப் போட்டியின் பின் கவனத்தில் எடுக்கப்படும்.
யார் தந்தது இல்லை, யார்மேல் இல்லை,
கவனத்தில் எடுப்பவர் யார், அதுவும் இல்லை.
ஆளில்லாமல் நடக்கும் வாக்கியம் எழுத
பதினோரு வருடம் பழகியிருக்கிறேன்.

அவள் போனபின் மேசையில்
ஐந்து தாள்கள் கிடந்தன.
ஒன்றின்மேல் யாரோ பிளேன்டீ வைத்து
வட்டம் விழுந்திருந்தது.
என்னுடையதைக் குறிப்பேட்டுக்குள் செருகினேன்.
கோல் காப்பாளன் விமலேந்திரன் மட்டும்
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

வியாழன் இரவு மழையோடு வந்தான்.
கையுறை, ஜெர்சி, துவைத்து மடித்தபடி.
“அண்ணே, ‘பின்’ன்னா எத்தனாந் தேதி?”
அவ்வளவுதான் கேட்டான்.
நான் நாட்காட்டியைப் பார்த்தேன்,
அதில் இருக்கும் என்பதுபோல.

இறுதிப் போட்டி.
கம்பத்தடியில் பதினாறு வயதுப் பொடியன்.
இடைவேளைக்குப் பிறகு
மேல்மலையிலிருந்து பனி இறங்கி
எதிர்க்கோடு காணாமல் போனது.
ஒன்பதாம் இலக்கம் அடித்த இரண்டாவது கோலை
யாருமே காணவில்லை.
வலை அதிர்ந்த சத்தத்துக்குக் கத்தினோம்.
தேயிலைக்குள் உருண்ட பந்தைத் தேடப்போனவன்
கோப்பை கொடுத்து முடிந்த பிறகுதான் வந்தான்,
கால் நிறைய அட்டைகளோடு.

அடுத்த கூட்டம்.
முதலாவது விடயம்:
முக்கிய தருணத்தில் கழகத்தைக் கைவிட்டமைக்காக
விமலேந்திரனுக்கு ஒரு வருடத் தடை.
ஏகமனதாக.
அந்த ஏழு கைகளில் என்னுடையதும் ஒன்று.
மற்றக் கையில் பேனை இருந்தது.
ஏனைய விடயங்கள்: இல்லை.

தடைக் கடிதத்தை லீக்குக்கு அனுப்பப்
பிரதி வேண்டும்.
ஊரில் வேறு கடைகளும் உண்டு.
அன்று எல்லாவற்றிலும் கரண்ட் இல்லை,
ஜெனரேட்டர் அவள் கடையில் மட்டும்.

வாங்கினாள். படித்தாள்.
கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தாள்.
“ரெண்டு பக்கமுமா?”
“ஒரு பக்கம் போதும்” என்றேன்.

பச்சை வெளிச்சம் ஒருமுறை போய்வந்தது.
பதினைந்து ரூபாய்.
இருபதை நீட்டினேன்.
மீதி ஐந்தை மேசையில் வைத்து
விரலால் என் பக்கம் தள்ளினாள்.